திறந்தவுடனே நட்சத்திரக் குறி: இன்டிசைன் கோப்பை மாற்றியது யார்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பக்க வடிவமைப்பு செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்றை அடோபி இன்டிசைனில் செய்கிறார், 180 பக்கம். அவர் வைத்திருப்பது விண்டோஸ், கூட வேலை பார்க்கும் தங்கை பினாங்கில் மேக் வைத்திருக்கிறார், கோப்பு இருப்பது இணையம் வழியாக இருவருக்கும் ஒத்திசையும் ஒரு ஃபோல்டரில். கோப்பைத் திறக்கிறார், எதையும் தொடவில்லை, பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வந்துவிடுகிறது. மூடப் போனால் மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கிறது. சேமித்தால் குறி போகிறது, மறுநாள் திறந்தால் திரும்பவும் வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா, இல்லை கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா என்பது கேள்வி.

தம்பி, கோப்பு கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. வட்டில் இருக்கும் கோப்பும் இப்போது நினைவகத்தில் திறந்திருக்கும் ஆவணமும் ஒன்றாக இல்லை, அந்தக் குறிக்கு அவ்வளவுதான் பொருள். அந்த வித்தியாசம் உங்கள் கையால் வந்ததா, திறக்கும் அந்த நேரத்தில் மென்பொருளே செய்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இன்டிசைன் மட்டும் இப்படி இல்லை. எக்செல்லில் இன்றைய தேதி காட்டும் டுடே சூத்திரம் போட்ட கணக்கைச் சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடினாலும் சேமிக்கவா என்று கேட்கும், ஏனென்றால் திறந்த உடனேயே அது மறுபடி கணக்குப் போட்டுவிட்டது. ஆகவே "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்பது சரியான பேச்சுதான், ஆனால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அது என்ன என்று தெரிந்துகொள்ளும் வரை சேமி என்பதையும் அழுத்த வேண்டாம், வேண்டாம் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்த வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு நாளைக்குப் பல முறை காரணமில்லாமல் அந்தக் கேள்வி வந்தால் கை பழகிப்போகும். சிலருக்கு "வேண்டாம்" என்று அழுத்தும் பழக்கம் வந்துவிடும், ஒரு நாள் நிஜமாகவே திருத்திய நன்கொடையாளர் பட்டியலும் அதோடு போய்விடும். சிலருக்கு "சேமி" என்பது பழக்கமாகிவிடும், அப்போது மென்பொருள் தானாகச் செய்த மாற்றம் கோப்புக்குள் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். தமிழில் இந்த இரண்டாவது இன்னும் ஆபத்து. நம் சொற்கள் நீளம், மலரில் பத்திகள் குறுகல், ஒரு எழுத்தின் அகலம் இம்மி மாறினாலும் ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கும், அது பத்தியின் கடைசி வரியைத் தள்ளும், கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய் மறைந்துவிடும். பெட்டியின் ஓரத்தில் சிறிய சிவப்பு கூட்டல் குறி மட்டும் நிற்கும். 180 பக்கத்தில் அதை யார் தேடிப் பார்க்கிறார்கள்? பணம் கொடுத்த ஒரு குடும்பத்தின் பெயர் மலரில் இல்லாமல் போய், அச்சடித்த பிறகு கோயிலுக்கு வந்து அவர்கள் தேடினால் அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வாடிக்கையாளர் கடைசியாகப் பார்த்து ஒப்புக்கொண்ட பிடிஎஃப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். இனி எது மாறியது என்று பார்க்க அதுதான் அளவுகோல். இன்று திறந்து எடுக்கும் பிடிஎஃப் அளவுகோல் ஆகாது, ஏனென்றால் திறக்கும்போதே மாற்றம் நடந்துவிடுகிறது. அப்புறம் கோப்பையும் அதன் படங்களையும் மொத்தமாக உங்கள் கணினியின் சொந்த வட்டுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சோதனை எல்லாம் அந்த நகலில்தான். ஒத்திசைவு ஃபோல்டரில் இருக்கும் கோப்பைத் தொட வேண்டாம்.

இப்போது புதிதாக ஒரு வெற்று ஆவணம் உருவாக்கி, நாலு வரி ஆங்கிலம் தட்டி, சேமித்து மூடி, மறுபடி திறந்து பாருங்கள். அதிலும் நட்சத்திரம் வந்தால் குற்றம் மலரில் இல்லை, உங்கள் கணினியில் இருக்கிறது. இன்டிசைனின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒன்று உண்டு, அதில் கிடக்கும் ஸ்கிரிப்ட்கள் மென்பொருள் தொடங்கும்போதே ஓடும், அவற்றில் ஒன்று ஒவ்வொரு ஆவணம் திறந்த பிறகும் தன் வேலையைச் செய்யும்படி எழுதப்பட்டிருக்கலாம். எங்கிருந்தோ வாங்கிப் போட்ட பிளக்இன்களும் (இன்டிசைனோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்கள்), எழுத்துரு மேலாண்மை மென்பொருள்கள் தாமாகச் சேர்க்கும் பிளக்இன்களும் அப்படியே. ஸ்கிரிப்ட்களை வேறு இடத்துக்கு நகர்த்தி, பிளக்இன்களை அணைத்துப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் விருப்ப அமைப்புகளை அழித்துத் தொடங்குங்கள்: விண்டோஸில் இன்டிசைனைத் திறந்த உடனே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், கன்ட்ரோல், ஷிஃப்ட். உங்கள் குறுக்குவிசைகளையும் பணியிட அமைப்பையும் முன்கூட்டியே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்று ஆவணம் சுத்தமாகத் திறந்தால் குற்றம் மலரில்தான். மலரின் நகலைத் திறந்து, சுட்டியால் எதையும் தொடும் முன், இரண்டு இடம் பாருங்கள். ஒன்று மேலே உள்ள பெயர். பெயருக்குப் பக்கத்தில் "கன்வெர்டட்" என்று இருந்தால் பழைய பதிப்பில் செய்த கோப்பு புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அது ஒரு முறை சேமித்தால் முடிந்துபோகும். "ரெக்கவர்ட்" என்று இருந்தால் முன்பு மென்பொருள் பாதியில் நின்றபோது காப்பாற்றி வைத்த பிரதியை அது திறந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே சொல் வந்தால் இன்டிசைன் ரெக்கவரி ஃபோல்டரில் பழைய மிச்சங்கள் கிடக்கின்றன, மென்பொருளை மூடிவிட்டு அவற்றை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

பார்க்க வேண்டிய இன்னொரு இடம் எடிட் மெனு, அதன் முதல் வரி. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை, ஆனால் பத்து நிமிடத் தேடலை மிச்சம் பிடிக்கும் இடம் அதுதான். அன்டூ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கடைசியாக நடந்த செயலின் பெயர் இருக்கும். இணைப்பு, அதாவது வெளியே இருக்கும் படக் கோப்புகளோடு உள்ள தொடர்பு, புதுப்பிக்கப்பட்டது என்ற பொருளில் ஏதாவது இருந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த வரி மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கிறது, ஆனாலும் நட்சத்திரம் இருக்கிறது என்றால், நீங்கள் பின்வாங்க முடியாத ஏதோ ஒன்றை மென்பொருள் உள்ளுக்குள் செய்திருக்கிறது என்று பொருள்: பதிப்பு மாற்றம், எழுத்துக்களை மறுபடி வரிகளில் அடுக்கியது, இப்படி. ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல்: ஆவணத்துக்கு "மாடிஃபைட்" என்று ஒரு பண்பு உண்டு, நட்சத்திரத்தின் அதே நிலையை அதில் படிக்கலாம், ஆனால் படிக்க மட்டும்தான். அதை "இல்லை" என்று மாற்றி வைத்துக் குறியை மறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், முடியாது, முடிந்தாலும் செய்யக் கூடாது.

அடுத்து நகலைச் சேமித்து, மூடி, அதே கணினியில் உடனே திறந்து பாருங்கள். நட்சத்திரம் வரவில்லையா? அப்படியானால் உங்கள் கணினி தனியாக இருக்கும்போது நிம்மதியாக இருக்கிறது, இரண்டு கணினிகள் மாறி மாறித் திறப்பதால்தான் பிரச்சினை. நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது சேமித்தால் போய் மறுநாள் வருவது, இதற்குத்தான் பொருந்துகிறது. இரவில் தங்கை அங்கே திறந்து சேமிக்கிறார், காலையில் நீங்கள் இங்கே திறக்கிறீர்கள், ஒவ்வொரு கணினியும் மற்றது எழுதி வைத்ததைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறது.

இரண்டு கணினிகளுக்கு இடையே எழுத்துருவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பெயர் ஒன்றாக இருந்தால் எழுத்துருவும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். இணைமதியும் தமிழ் சங்கம் எம்என்னும் மேக்கோடு வருபவை, நம் முத்து நெடுமாறனின் கைவண்ணம், ஆனால் விண்டோஸில் அவை இல்லை. லதா விண்டோஸ் எழுத்துரு, அதுவும் விண்டோஸ் 10 வந்த பிறகு எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை, தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பப் பகுதியாக அதைத் தனியே சேர்க்க வேண்டும், அதனால் புதிதாக வாங்கிய கணினியில் லதா காணாமல் போகும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிமம் கொண்டவற்றில் வேறு சிக்கல்: ஒருவர் எல்லாத் தடிமன்களும் ஒரே கோப்பில் அடங்கிய வேரியபிள் வகையை இறக்கியிருப்பார், இன்னொருவர் தனித்தனித் தடிமன்களாக இருக்கும் வகையை இறக்கியிருப்பார், அல்லது ஒருவரிடம் பழைய வெளியீடு இருக்கும். அகலங்களில் சின்ன வித்தியாசம் போதும், திறந்த உடனே வரிகள் மறுபடி அடுக்கப்படும், நட்சத்திரம் வந்துவிடும்.

சோதிப்பது சுலபம். டைப் மெனுவில் எழுத்துருவைத் தேடி மாற்றும் பெட்டி இருக்கிறது, அதில் ஒவ்வொரு எழுத்துருவையும் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விவரத்தைத் திறந்தால் பதிப்பு எண்ணும், அது வட்டில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியும். நீங்களும் தங்கையும் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்டால் தீர்வு இதுதான்: கோப்பு இருக்கும் அதே ஃபோல்டருக்குள் டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்து, மலரில் பயன்படும் எழுத்துருக்களை அதில் போடுங்கள். இன்டிசைன் அந்த ஆவணத்துக்கு மட்டும் அவற்றை எடுத்துக்கொள்ளும், கணினியில் அதே பெயரில் வேறு பதிப்பு இருந்தாலும் இதற்குத்தான் முன்னுரிமை. ஃபைல் மெனுவில் பேக்கேஜ் செய்தால் பெரும்பாலான எழுத்துருக்களை அதுவே இப்படி எடுத்து வைக்கும். மேக்கோடு வந்த எழுத்துருவை விண்டோஸுக்கு எடுத்துப் போவது உரிமப்படி சரியில்லை, அதனால் இருவர் சேர்ந்து செய்யும் வேலைக்குத் தொடக்கத்திலேயே நோட்டோ, முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் மாதிரி திறந்த உரிமம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுங்கள். இது என் உறுதியான கருத்து, அழகு பார்த்து வேறு ஒன்றை எடுத்தால் இந்த வம்பு கடைசி வரை கூடவே வரும்.

கும்பாபிஷேக மலருக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. கோயில்களில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பது வழக்கமாதலால், தல வரலாறு, முன்னாள் தலைவர்களின் பட்டியல் இதெல்லாம் போன மலரின் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்படும். அந்தப் பழைய கோப்பில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இருக்கும், அதுவும் டைப் 1 என்ற பழைய எழுத்துரு வகையாக இருக்கலாம். அடோபி 2023 ஜனவரியோடு டைப் 1 ஆதரவை நிறுத்திவிட்டது, இன்றைய இன்டிசைன் அவற்றைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஒட்டும்போது பழைய பாணிகளும், அதாவது எழுத்துருவும் அளவும் சேர்த்துப் பெயரிட்டு வைத்த அமைப்புகளும், கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். திறக்கும்போது எழுத்துரு இல்லை என்று ஒரு பெட்டி வருகிறதா, அதை நீங்கள் பழக்கத்தில் மூடிவிடுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றி, வடிவம் எதுவும் இல்லாத வெறும் உரையாக ஒட்டி, புதிய பாணியைப் போடுவதுதான் ஒரே வழி. பத்துப் பக்கம்தானே, உட்கார்ந்து செய்துவிடலாம்.

எழுத்துருவுக்குப் பக்கத்திலேயே பதிப்பு. இருவரும் ஒரே ஆண்டுப் பெயருள்ள இன்டிசைன் வைத்திருந்தாலும் புள்ளிக்குப் பிறகு வரும் எண் வேறாக இருக்கலாம். தமிழ் எழுத்துக்களைச் சேர்த்து உருவாக்கும் இயந்திரம் முன்பு லிப்பிகா, சமீபத்திய பதிப்புகளில் ஹார்ஃப்பஸ். ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் மற்றொன்றும் ஓடினால் கொம்பும் காலும் உட்காரும் இடம் சற்று மாறும், வரி நீளமும் மாறும். இருவரும் ஒரே நாளில் ஒரே பதிப்புக்கு மாறுங்கள், அதன் பிறகு மலர் அச்சுக்குப் போகும் வரை தானாகப் புதுப்பிப்பதை அணைத்து வையுங்கள். உரையை வரிகளில் அடுக்கும் பகுதிக்குக் கம்போசர் என்று பெயர், பத்திப் பாணிகள் எல்லாம் தமிழுக்கு ஏற்ற வேர்ல்ட்-ரெடி கம்போசரில் இருக்கின்றனவா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஏதாவது ஒரு பாணி மட்டும் சாதாரண கம்போசரில் இருந்தால் அங்கே தமிழ் எப்போது வேண்டுமானாலும் உடையும்.

அடுத்தது படங்கள். விண்டோஸில் உங்கள் ஃபோல்டர் ஒரு எழுத்துப் பெயரில் தொடங்கும் டிரைவில் இருக்கிறது, மேக்கில் அது பயனரின் ஃபோல்டருக்குள் வேறு பாதையில் இருக்கிறது. தங்கை சேமித்த கோப்பில் எல்லாப் படங்களின் பாதையும் மேக் பாதை. நீங்கள் திறக்கும்போது இன்டிசைன் அந்தப் பாதையில் தேடுகிறது, கிடைக்கவில்லை, கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் லிங்க்ஸ் ஃபோல்டரில் தேடி எடுத்துக்கொள்கிறது, பாதையைத் திருத்துகிறது. நல்ல உதவிதான், ஆனால் அதுவும் ஒரு மாற்றம். தங்கை மறுபடி திறந்தால் அங்கேயும் இதே கதை. பிரிஃபரன்சஸில் ஃபைல் ஹேண்ட்லிங் என்ற பகுதியில், ஆவணத்தைத் திறக்கும் முன் இணைப்புகளைச் சரிபார்ப்பது, காணாமல் போனவற்றைத் தேடுவது என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. சோதனைக்காக இரண்டையும் அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நட்சத்திரம் வரவில்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இந்த வகை மாற்றத்தால் எழுத்து நகராது, அதனால் பயமில்லை, ஆனாலும் அச்சுக்குப் போகும் முன் லிங்க்ஸ் பலகத்தில் ஒவ்வொரு படமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இணைப்பில் பயப்பட வேண்டியது வேறு ஒன்று. ஒத்திசைவு மென்பொருள்கள் கோப்பை இறக்கும்போது அதன் தேதியைத் தொட்டுவிடுவது உண்டு, படம் மாறாமலே "மாறிவிட்டது" என்று இன்டிசைன் மஞ்சள் முக்கோணம் காட்டும், புதுப்பிக்கவா என்று கேட்கும், நாமும் சரி என்போம். படத்துக்குப் பரவாயில்லை. ஆனால் வேர்ட் கோப்புகளையும் எக்செல் பட்டியல்களையும் இணைப்பாகவே வைக்கும் தேர்வு ஒன்று அதே ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் இருக்கிறது. அது யாரோ போட்டு வைத்திருந்தால், நன்கொடையாளர் பட்டியல் எக்செல் இணைப்பாக உள்ளே வந்திருந்தால், புதுப்பி என்று ஒரு முறை அழுத்தியதும் இன்டிசைனுக்குள் நீங்கள் செய்த எழுத்துத் திருத்தங்களும் அலங்காரமும் எல்லாம் போய், மூலக் கோப்பில் இருப்பது வந்து உட்காரும். லிங்க்ஸ் பலகத்தில் வேர்ட், எக்செல் பெயர் ஏதாவது தெரிந்தால் இன்றே அன்லிங்க் செய்துவிடுங்கள். நட்சத்திரக் குறியை ஆராயப் போன இடத்தில் இந்த ஒன்றைக் கண்டுபிடித்தாலே உங்கள் நேரம் வீணாகவில்லை.

மற்றவை சின்னச் சின்னச் சந்தேகங்கள், சீக்கிரம் பார்த்துவிடலாம். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அச்சாக இருக்கும் பேரன்ட் பக்கத்தில் அடிக்குறிப்பாகக் கோப்புப் பெயர், கடைசியாகச் சேமித்த தேதி, மொத்தப் பக்கம் என்று தானாக மாறும் டெக்ஸ்ட் வேரியபிள் எதையாவது வைத்திருக்கிறீர்களா? வடிவமைக்கும்போது வசதியாக இருக்கும் என்று வைப்போம், அப்புறம் மறந்துவிடுவோம். டைப் மெனுவிலேயே அவற்றைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிடலாம். வேறு ஆவணத்தைச் சுட்டும் குறுக்குக் குறிப்புகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். மலரை நாலைந்து கோப்பாகப் பிரித்து புக் பலகத்தில் சேர்த்திருந்தால், ஒரு பாகத்தில் பக்கம் கூடினால் பின்னால் வரும் பாகங்களின் பக்க எண்கள் எல்லாம் தானாக மாறும், நீங்கள் தொடாத கோப்பிலும் அதனால் மாற்றம் வரும். அது இயல்பு, அந்தத் தானியங்கு எண்ணிடலை நிறுத்தி வைத்துக் கடைசியில் ஒரே முறை ஓட்டினால் போதும். பொருளடக்கத்தின் மீது சந்தேகப்பட வேண்டாம், நாம் சொல்லாமல் அது புதுப்பிக்காது.

நிறம்: திறக்கும்போது வண்ண அமைப்பு பொருந்தவில்லை என்று பெட்டி வந்து, ஆவணத்தை உங்கள் அமைப்புக்கு மாற்று என்று தேர்ந்தெடுத்தால் அதுவும் மாற்றம்தான். இருவர் கணினியிலும் கலர் செட்டிங்ஸ் ஒன்றாக இருக்கட்டும், எந்த ஐசிசி புரொஃபைல் (நிறங்களை விவரிக்கும் கோப்பு) என்று அச்சகத்தில் கேட்டு அதையே வையுங்கள். அகராதி: பிரிஃபரன்சஸில் டிக்ஷனரி பகுதியில், பயனர் அகராதி மாறினால் எல்லா உரையையும் மறுபடி அடுக்கு என்று ஒரு தேர்வு உண்டு, அதை அணைத்துவிடுங்கள். அடோபி ஃபான்ட்ஸைத் தானாக இயக்கும் தேர்வு இருந்தால், ஆங்கிலத் தலைப்பு எழுத்துரு ஆவணம் திறந்த பிறகு மெதுவாக வந்து சேர்ந்து வரிகளை அசைக்கும், நட்சத்திரமும் சில விநாடி தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைக் கண்டாலே இதுவாக இருக்கலாம் என்று நினைக்கலாம்.

ஸ்மார்ட் டெக்ஸ்ட் ரீஃப்ளோ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. உரை நீண்டால் தானாகப் பக்கம் சேர்க்கும் அமைப்பு அது, பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் இருக்கும். எழுத்துரு மாறி உரை நீண்டு, இதுவும் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் திறந்த உடனே மலரில் ஒரு பக்கம் கூடியிருக்கும். அதன் பிறகு வரும் விளம்பரங்கள் எல்லாம் இடப்பக்கம் வலப்பக்கம் மாறிவிடும், முழுப்பக்க வண்ண விளம்பரம் கேட்டு வாங்கிய கடைக்காரர் சும்மா இருப்பாரா? வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் இதை அணைத்துவிடுங்கள், அச்சு வேலையில் பக்க எண்ணிக்கையைத் தீர்மானிப்பது நாமாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும், ஒரே கணினியில் சேமித்து உடனே திறந்தாலும் நட்சத்திரம் வருகிறது என்றால், ஆவணத்துக்குள்ளேயே ஏதோ ஒரு இடத்தில் சிக்கல். அப்போது நகலைப் பாதியாக வெட்டுங்கள். முதல் 90 பக்கத்தை அழித்து வேறு பெயரில் சேமித்து, மூடி, திறந்து பாருங்கள். வந்தால் மிச்சப் பாதியில் இருக்கிறது, வராவிட்டால் அழித்த பாதியில் இருந்தது. மறுபடி பாதி, மறுபடி பாதி. 180 பக்கமானாலும் எட்டு முறைக்குள் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒன்று கவனம்: பக்கங்களைத் தாண்டி ஓடும் நீண்ட உரை இருந்தால் பக்கத்தை அழித்தாலும் உரை அழியாது, அடுத்த பெட்டிக்கு ஓடும், அதனால் உரையையும் சேர்த்து அழிக்க வேண்டும். வெற்றுப் பக்கம் மட்டும் மிஞ்சியும் குறி வந்தால் பேரன்ட் பக்கத்திலோ பாணிகளிலோ இருக்கிறது.

எங்கே என்றே பிடிபடாவிட்டால் ஐடிஎம்எல் என்ற இன்டிசைனின் மாற்று வடிவத்தில் ஏற்றுமதி செய்து, அதைத் திறந்து புதிய இன்டிசைன் கோப்பாகச் சேமியுங்கள். பல வருடமாக நகல் மேல் நகல் எடுத்து வளர்ந்த கோப்பில் சேரும் குப்பைகள் இதில் பெரும்பாலும் கழிந்துவிடும், கோப்பின் அளவும் குறையும். பலர் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வார்கள், நான் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் ஐடிஎம்எல் வழியாகப் போகும்போது உரை முழுவதும் புதிதாக அடுக்கப்படுகிறது, காரணம் தெரியாமல் இதைச் செய்தால் பழைய மாற்றம் எது, புதிய மாற்றம் எது என்று பிரிக்கவே முடியாது. எழுத்துரு வித்தியாசம் காரணமாக இருந்தால் இதைச் செய்தும் நாளை மறுபடி வரும்.

எந்த வழியில் தீர்த்தாலும் கடைசியில் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய பிடிஎஃப் எடுத்து, முதலில் தனியாக வைத்தோமே அந்தப் பழைய பிடிஎஃப்போடு அக்ரோபாட் புரோவின் ஒப்பிடும் வசதியில் கொடுங்கள். தமிழில் அது சில இடங்களில் எழுத்தே மாறிவிட்டதாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், பக்கத்தின் படம் அசைந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். அக்ரோபாட் புரோ இல்லையென்றால் இரண்டு பிடிஎஃப்பின் அதே பக்கத்தையும் ஒரு வெற்று இன்டிசைன் ஆவணத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மேலே இருப்பதற்கு டிஃபரன்ஸ் கலப்பு முறை கொடுத்தால், மாறாத இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். நன்கொடையாளர் பக்கங்களையும் விளம்பரப் பக்கங்களையும் கண்ணாலும் ஒரு முறை பாருங்கள். ஜன்னலின் அடியில் பிழைகளைச் சொல்லும் ப்ரீஃப்ளைட் புள்ளி பச்சையாக இருந்தால் பெட்டிக்கு வெளியே மறைந்த உரை இல்லை என்று கொள்ளலாம், சிவப்பாக இருந்தால் இரண்டு முறை அழுத்தி எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாம்.

இன்னும் ஒன்று, ஒத்திசைவு ஃபோல்டரிலேயே இருவரும் நேரடியாகத் திறந்து வேலை செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்டிசைன் ஒரு கோப்பைத் திறந்ததும் பக்கத்தில் ஐடிஎல்கே என்று முடியும் ஒரு பூட்டுக் கோப்பை வைக்கும், அடுத்தவர் திறக்க முடியாமல் இருக்க. அலுவலகத்தின் சொந்த சர்வரில் அது ஒழுங்காக வேலை செய்யும். பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் பினாங்குக்கும் இடையே இணையம் வழியாக அது போய்ச் சேரும் முன் இருவருமே திறந்துவிடலாம், அப்போது இரண்டு பிரதி உருவாகி எதில் கடைசித் திருத்தம் இருக்கிறது என்று தெரியாமல் போகும். நட்சத்திரமும் பொய்யாக வருகிற நிலையில் இது இன்னும் குழப்பும். எழுத்துத் திருத்தம் இருவரும் செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்றே அடோபியின் இன்காப்பி என்ற மென்பொருள் இருக்கிறது, ஒரு கட்டுரையை ஒருவர் எடுத்திருக்கும்போது மற்றவர் தொட முடியாது.

மலர் அச்சுக்குப் போக நாள் குறைவாக இருந்தால் இன்காப்பியைக் கற்றுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இப்போதைக்கு உங்கள் விண்டோஸ் கணினியில் இருப்பதையே தாய்க் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதை உங்கள் சொந்த வட்டுக்கு எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு நாள் முடிவிலும் தேதி போட்ட நகல் ஒன்று வெளி வட்டில் போகட்டும். தங்கைக்கு பிடிஎஃப் அனுப்புங்கள், அவர் அதில் குறிப்பு வைத்துத் திருத்தம் போடட்டும், இன்டிசைன் 2019 பதிப்பிலிருந்து அந்தக் குறிப்புகளை உள்ளே கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஏற்கும் வசதி இருக்கிறது. அச்சகத்துக்கும் பிடிஎஃப்தான், இன்டிசைன் கோப்பைக் கொடுத்தால் அவர்கள் கணினியில் திறக்கும்போது அங்கேயும் இதே நட்சத்திரம் வரும், அங்கே அதைப் பார்க்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். இன்று இரவே அன்டூ வரியில் என்ன பெயர் வருகிறது, இருவரின் இன்டிசைன் பதிப்பு எண், மூன்று முக்கிய எழுத்துருக்களின் பதிப்பு எண் இவற்றை எழுதி அனுப்புங்கள், எழுத்துருவா இணைப்பா என்று அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.